வெட்டிய பிறகு திருப்பிக் கொடுத்த துணி

ரெஜினா தரையில் பாயை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, முழங்காலிட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். வானநீல நிற டெரிலின். துறைமுகத்தில் முதல் ஷிப்ட் முடித்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கத்திரிக்கோல் ஓடும் சத்தம் சீராகக் கேட்டது. செருப்பைக் கழற்றுவதற்குள் அது நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். துணிச் சுருளின் உள்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முனையில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகளும் ஓர் எண்ணும் அச்சடித்திருந்தன. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளில் இருக்கும் அதே அச்சு.

"இன்னாங்க இது?"

"கம்பெனிப் பேரா இருக்கும்."

"மூர் மார்க்கெட்ல வாங்கினேன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"எந்தக் கடையில?"

நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பானைப் பக்கம் போனேன். பின்னால் கத்திரிக்கோலைப் பாயில் வைத்த சத்தம் கேட்டது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாயின்மேல் எங்கள் சின்னவன் பிரான்சிஸின் சட்டைக்கு இரண்டு கை, ஒரு காலர், மூத்தவள் ஸ்டெல்லாவின் கவுனுக்கு முதுகுத் துண்டு எல்லாம் வெட்டி வரிசையாக வைத்திருந்தது. துணி வந்த நாளிலிருந்து பிள்ளைகள் அதை நூறு தடவை தொட்டுப் பார்த்திருந்தார்கள். அந்தத் தெருவில் அதுவரை யாரும் டெரிலின் போட்டதில்லை.

பூசை தமிழுக்கு வந்தபோது

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது.

பூசை தமிழுக்கு வந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரை எல்லாம் இலத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று மெல்லிய குரலில் ஏதோ சொல்வார். நாங்கள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருப்போம். மணி அடித்தால் முழங்காலில் நிற்பது, மறுபடி அடித்தால் எழுந்திருப்பது. கோயில் என்றால் எனக்கு வாசனைதான்: சாம்பிராணி, உருகும் மெழுகு, பெண்கள் முக்காட்டுக்குள் இருந்து வரும் மல்லிகை, பின் வரிசையில் கடலுக்குப் போய்விட்டு நேரே வந்தவர்களிடமிருந்து லேசாக மீன். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புரியாதவரை ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு ஒரு நாள் சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். வாசகம் தமிழில் வந்தது. முன் வரிசைக் கிழவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பேசுகிறமாதிரி இருக்கிறதே என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பிரசங்கத்தில், ஒவ்வொரு வீட்டிலும் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு வேதாகமத்தில் ஒரு பத்தியாவது வாசிக்க வேண்டும், குடும்பத் தலைவரே வாசிக்க வேண்டும் என்று சாமியார் கேட்டுக்கொண்டார். 'குடும்பத் தலைவர்' என்ற வார்த்தை எனக்கு இனித்தது. துறைமுகத்தில் நான் எட்டுப் பேரில் ஒருவன். மேஸ்திரி கத்தினால் ஓட வேண்டும். வீட்டிலாவது தலைவராக இருக்கலாம் அல்லவா?

வாசித்தேன். நான் எட்டாவது வரை படித்தவன், நன்றாகவே வாசிப்பேன். சீக்கிரத்திலேயே எனக்குப் பிடித்த பத்தி ஒன்று அகப்பட்டது. அர்ச்சியசிஷ்ட சின்னப்பர், அதாவது புனித பவுல், எழுதிய நிருபத்தில், மனைவியர் தங்கள் புருஷர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று வரும் இடம். குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையில் ஒரு துண்டைக் கிள்ளி அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்தேன். காபி ஆறிப்போயிருந்தால் சின்னப்பர். சொல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போனால் சின்னப்பர். குழம்பில் உப்புக் குறைந்தால்கூட ஒரு தடவை சின்னப்பரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

ரெஜினா ஒன்றும் சொல்ல மாட்டாள். "சரிங்க" என்பாள். அந்த "சரிங்க"வுக்குள் இருந்த சிரிப்பு எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் கேட்டது.

சத்தமாகச் சொன்ன சம்மதம்

அவள் எண்ணூர்க்காரி. அப்பா உப்பளத்தில் வேலை. கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பே சம்பாதிக்க ஆரம்பித்தவள்.

எங்கள் கல்யாணத்தில் ஒரு சங்கதி. சம்மதமா என்று சாமியார் கேட்கும்போது பெண்கள் வழக்கமாகத் தலையைக் குனிந்து முணுமுணுப்பார்கள். சாமியாருக்கே காதில் விழாது. இவள் தலையை நிமிர்த்தி "சம்மதம் சாமி!" என்றாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது. பின்னால் என் தோஸ்துகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் வீட்டில், "ஏன் அப்டிக் கத்துன?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன். கேக்காத மாதிரி சொல்றதுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

தையலிலும் அப்படித்தான். புதன்கிழமை தருகிறேன் என்று சொன்னால் புதன்கிழமை ரவிக்கை தயாராக இருக்கும். தையல்காரர்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று வாசகர்களுக்குத் தெரியும். தண்டையார்பேட்டை டோல்கேட்டிலிருந்தெல்லாம் பெண்கள் அவளைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம்.

கிழிந்த மூட்டை

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் கூலி. எங்கள் கோஷ்டியில் எட்டுப் பேர். மேஸ்திரி கன்னியப்பன், வியாசர்பாடிக்காரன். நல்லவன். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவன் பங்கு வேலையையும் சேர்த்து இழுப்பான். என்னைவிட வயதில் மூத்தவன், ஆனாலும் என்னை "நைனா" என்றுதான் கூப்பிடுவான்.

ரெஜினா துணியை வெட்டியதற்குச் சில நாள் முன்பு, கப்பலின் அடி அறையில் துணி மூட்டைகளைச் சங்கிலியில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மூட்டை சரிந்து எங்களில் ஒருவனுடைய காலில் விழுந்தது. கட்டைவிரல் நசுங்கி ரத்தம். அறையில் சரக்குக்குக் காவலாக நின்றவர் தஸ்தகீர் பாய். ஐம்பது வயது இருக்கும். அவர் யோசிக்கவே இல்லை. அடிபட்டவனை முதுகில் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினார். அவ்வளவு செங்குத்தான ஏணியில் வெறும் ஆள் ஏறுவதே சிரமம்.

அவர் மேலே போய்த் திரும்பி வருவதற்குள், விழுந்த மூட்டையின் கிழிசலைக் கொக்கியால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினோம். 'விழுந்த சரக்கு யாருடையதும் இல்லை' என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. பேரீச்சம்பழம், பால்பவுடர், சர்க்கரை என்று இதற்கு முன்னும் கொஞ்சம் கொஞ்சம் கைமாறியிருக்கிறது. துணி அதுதான் முதல் தடவை. கன்னியப்பன் கத்தியால் கிழித்து ஆளுக்கொரு பங்கு கொடுத்தான். சுருளின் அடிப்பகுதி எனக்கு வந்தது. இடுப்பில் சுற்றி, மேலே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தேன். வெளியே வந்ததும் பயம் போய்விட்டது. பிள்ளைகள் முகத்தை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

தஸ்தகீர் பாய் எங்கள் ஆளைத்தான் தூக்கிக்கொண்டு போனார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வரி

இனி வீட்டுத் தரையில் விரித்த பாய்க்கும் கத்திரிக்கோலுக்கும் வருகிறேன்.

மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்குத்தான் கோபம் முதலில் வரும்போலிருக்கிறது. "ஆமா, ஆர்பர்ல எடுத்ததுதான். இன்னா இப்போ? எல்லாரும்தான் எடுத்தானுங்க. நீ தை" என்றேன்.

"தைக்க மாட்டேங்க."

"புருஷன் சொல்றேன்."

"தெரியுது."

நான் போய் வேதாகமத்தை எடுத்தேன். ஓலை வைத்த பக்கம் தானாகத் திறந்தது. சத்தமாக வாசித்தேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் பாயிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "அடங்குறேங்க. இத்தினி வருஷமா அடங்கித்தான கீறேன். அடுத்த வரியையும் படிங்க" என்றாள்.

அந்தப் பத்தியை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! ஒரு நாளும் ஓலைக்குக் கீழே போனதில்லை. அடுத்து வந்தது புருஷர்களுக்கு. கிறிஸ்து தம்முடைய திருச்சபையை நேசித்து, அதற்காகத் தம்மையே கையளித்ததுபோல் நீங்களும் உங்கள் மனைவியரை நேசியுங்கள் என்று இருந்தது. பாதியில் என் குரல் இறங்கிவிட்டது. அவள் பொறுமையாக நின்று முழுவதும் கேட்டாள்.

"உங்களுக்காக நான் இன்னா வேணாலும் செய்வேங்க. இதுல மட்டும் என் கைய சேக்காதீங்க. நாளைக்கு இந்தச் சட்டையப் போட்டுகினு அவன் பூசைக்கு வருவான். நான் எப்டி பீடத்துக்குப் போய் நன்மை வாங்குவேன்?"

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஒருவேளை இன்னும் கத்தியிருப்பேன். ஆனால் அவள் சட்டென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் மேலயும் தப்பு கீது. மூர் மார்க்கெட்டுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு டவுட்டுதான். நம்ம வசதிக்கு இந்தத் துணி எங்க வரும்? ஆனா தொட்டுப் பாத்ததும் ஆசை வந்துடுச்சுங்க. இவ்ளோ நல்ல துணிய நான் வெட்டினதே இல்ல. தெரிஞ்சும் தெரியாத மாரி கத்திரிய எடுத்துட்டேன்."

அவள் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். அவளோ அந்தக் கூண்டுக்குள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

வெட்டிய துண்டுகளை அவள் ஒவ்வொன்றாக மடித்து, மீதித் துணியோடு சேர்த்து ஒரு பழைய வேட்டியில் கட்டினாள். ஸ்டெல்லா வந்து கேட்டபோது, "அது நம்முது இல்லம்மா, தப்பா வந்துடுச்சு" என்றாள். பிள்ளை அழுதாள். ரெஜினாவும்தான்.

பாதி பாவசங்கீர்த்தனம்

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஜன்னல் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "துணி இப்போது எங்கே?" என்றார்.

"வூட்ல, சாமி."

"அப்படியென்றால் பாதிதான் முடிந்திருக்கிறது. திருப்பிக் கொடு."

வேலை போய்விடும் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, துணியைத் தன்னிடம் கொடுத்தால், யார் கொடுத்தார்கள் என்று சொல்லாமல் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அப்படிச் செய்வது வழக்கம்தானாம். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிட்டத்தட்ட பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் ரெஜினாவுக்குத் துணி தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தஸ்தகீர் பாய் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். மறுநாளிலிருந்து எங்கள் கோஷ்டி வேறு கப்பலில் இருந்ததால், அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. துணி குறைந்ததற்குக் காவலில் இருந்தவரே பொறுப்பு என்று பாயை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்களாம். வெளியே வரவே கூசிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறாராம்.

"மனுசன் பச்சத்தண்ணி கூட குடிக்கலையாம். பொண்ணுக்கு நிக்காஹ் பேசிவச்சிருந்தாங்க. மாப்ள வூட்ல இப்ப யோசிக்கிறாங்களாம்" என்றாள் அந்தப் பெண்.

அவள் போன பிறகு நானும் ரெஜினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பேர் தெரியாமல் துணி போய்ச் சேர்ந்தால் பாய் மேல் இருக்கும் கறை போகாது. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றுதான் பேசுவார்கள். அதை நான்தான் முதலில் சொன்னேன். இந்தக் கதையில் நான் நல்லவிதமாகச் செய்தது என்று ஏதாவது இருந்தால் அந்த ஒரு வாக்கியம்தான்.

"நேரா போய் நான்தான்னு சொல்லணும், ரெஜினா."

"நானும் வரேங்க," என்றாள். "வெட்டினது நான்தான?"

மேஸ்திரியிடம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நானே நேரில் கொடுத்துவிடுகிறேன் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் செய்வது சரியில்லை என்று அன்று மத்தியானம் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். "சாப்ட்டுப் போ நைனா" என்று பாயைப் போட்டான். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

அவன் முகம் மாறியது. என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? எட்டு வூட்டுப் பொயப்பு நைனா! நீ போய் வாயத் தொறந்தா அத்தினி பேரும் தெருவுல நிப்போம்."

"உங்க பேரச் சொல்லமாட்டேன். என்னுத மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்."

"அவன் வுடுவானா? கூட யாருன்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"இன்னாத்துக்குடா இந்தப் பேஜாரு?"

"பாய் நம்ம ஆளத்தான முதுகுல தூக்கினு போனாரு, கன்னியப்பா."

அவன் கை தளர்ந்தது. ஆனால் முகம் இளகவில்லை. "போ. இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில்

திங்கட்கிழமை காலையில் மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். ரெஜினா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு கூட நடந்தாள். ஏன் அந்தப் புடவை என்று கேட்டேன். இருப்பதில் நல்லது அதுதான் என்றாள்.

வாசலில் காவல்காரர் மறித்தார். உள்ளேயிருந்து வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்தே பழகியவர். உள்ளே போகும் மூட்டையைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னாபா அது?"

"துணி. உள்ளேர்ந்து எடுத்தது. திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்."

"இன்னா?"

இரண்டாம் தடவையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், ரெஜினாவின் பட்டுப் புடவையைப் பார்த்தார், நாங்கள் குடித்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார். "முப்பது வருசமா இங்க நிக்கிறேன். வெளிய கொண்டுபோறவனத்தான் புடிச்சிருக்கேன். உள்ள கொண்டார்றவன இன்னா பண்றதுன்னு எனுக்கு யாரும் சொல்லித் தரல" என்று சொல்லி, தானே எங்களைக் கம்பெனி ஆபீசுக்குக் கூட்டிப்போனார்.

ஆபீசர் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். மூட்டையை மேஜைமேல் அவிழ்க்கச் சொன்னார். மீதிச் சுருள் முதலில் வந்தது. பிறகு துண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காலர். இரண்டு குட்டிக் கைகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை வயசுப் பையன்?"

"நாலு சார்."

"வெட்டியது யார்?"

"நான்தாங்க," என்றாள் ரெஜினா. கல்யாணத்தில் சொன்ன அதே குரல்.

எப்படி எடுத்தேன், எப்போது எடுத்தேன், பாய் அந்த நேரத்தில் எங்கே இருந்தார், எதற்காக மேலே போனார் என்று எல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கூட யார் என்று கேட்டார். என்னுடையதைச் சொல்ல வந்தேன் சார் என்றேன். மூன்று தடவை கேட்டார், அதட்டியும் கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். மேஜைக்குக் கீழே ரெஜினா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போலீஸில் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. ஆனால் வேலை அன்றோடு போயிற்று. நாங்கள் எழுந்தபோது, "இதை நீ செய்யாமலே இருந்திருக்கலாம்" என்றார். எடுத்ததைச் சொன்னாரா, திருப்பிக் கொடுத்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்

பாயை அந்த வாரமே திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர் என்னைத் தேடி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். வாசலில் நின்று, "ஏம்பா, மொத நாளே வந்திருக்கக் கூடாதா? பத்து நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்றார். நியாயமான கோபம். நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ரெஜினா கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார். மகளின் நிக்காஹ் நடந்தது. எங்களையும் கூப்பிட்டார்.

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் போன வருஷத்து உடுப்பையே போட்டார்கள். ஸ்டெல்லாவின் கவுனுக்குக் கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டை வைத்து நீளமாக்கியிருந்தாள் ரெஜினா. சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சின்னவன் பூசை முழுவதும் நெளிந்துகொண்டே இருந்தான். பீடத்தில் நன்மை அப்பம் வாங்க நான் எழுந்தபோது பின்னால் ரெஜினா எழுந்து வரும் வளையல் சத்தம் கேட்டது. எனக்கு வேலை கிடையாது, வீட்டில் பலகாரம் கிடையாது. ஆனாலும் அந்தக் கிறிஸ்துமஸைப்போல் மனசு லேசாக இருந்த நாள் என் ஆயுசில் அதிகம் இல்லை.

மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். தையல் மிஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நான் காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் கற்றுக்கொண்டேன். துறைமுகப் பக்கத்து ஆட்கள் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். அது கஷ்டமாகத்தான் இருந்தது.

பாயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கம்பெனிக் கிடங்குச் சுவரோரம் காலையில் அதே வானநீலத் துணி இரண்டு சின்ன மூட்டைகளாகக் கிடந்ததாம். இன்னொரு நாள் மூன்றாவது. யார் போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லையாம்.

கன்னியப்பன் வந்தான்

மாசி மாதம் இருக்கும், ஒரு மத்தியானம் கன்னியப்பன் வந்தான். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றே, "கௌம்பு நைனா. திருவொத்தியூர்ல வேல கீது" என்றான்.

"மூஞ்சில முழிக்காதன்னியே."

"வூட்ல எம் பொண்டாட்டி சோறு போடறத நிறுத்திட்டா. அந்தத் துணிய கட்டவே மாட்டேன்னுட்டா. உன் பொண்டாட்டி ஒர்த்திதான் மானஸ்தியான்னு தெனம் கேக்கறா. நான் இன்னா பண்ணுவேன்? எங்கியோ கொண்டுபோய்ப் போட்டாந்தேன். அத்த வுடு, வா."

திருவொற்றியூர் தொழிற்சாலை ஒன்றில் அவன் மச்சான் காவலாளி. சாமான் கிடங்குக்கு ஆள் வேண்டுமாம். கிடங்குப் பொறுப்பாளரிடம் கன்னியப்பனே பேசினான். முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று அவர் என்னைக் கேட்டார். நான் ஆரம்பிப்பதற்குள் இவன் குறுக்கே புகுந்தான்.

"சார், மெய்யாலுமே சொல்றேன். இவன் ஒரு வாட்டி திருடினான். திருடினத அவனே தூக்கினு போய்க் குட்துட்டு வந்து, வேலையும் வுட்டான். கூட இருந்தவன் பேரு ஒண்ணையும் சொல்லல. இவன வச்சுக்கறதும் வுடறதும் உங்க இஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு மாதம் இருபத்தாறு வருஷமாக நீண்டது. கடைசிப் பத்து வருஷம் கிடங்குச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அந்தக் குருத்தோலைத் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் தேடவில்லை. பிறகு வந்த வருஷங்களில் வீட்டு ஜெபத்தில் ஒரு நாள் நான் வாசிப்பேன், மறுநாள் ரெஜினா வாசிப்பாள். பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்தப் பத்தியையும் பாதியில் நிறுத்துவது மட்டும் இல்லை.

வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நெடுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் முடியவே முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? எண்ணூருக்குப் போயிருப்பியா?"

"எதுக்குப் போவணும்? இங்கதான் இருந்திருப்பேன். சோறு போட்டிருப்பேன். துணி தொவச்சிருப்பேன்."

"அப்புறம்?"

"தெனம் ஒரு வாட்டி கேட்டுகினே இருந்திருப்பேன்."

"எத்தினி நாளைக்கு?"

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க கொண்டுபோய்க் குடுக்கற வரைக்கும்."

கேட்டிருப்பாள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்றைக்கும் காலையில் கண் விழித்ததும் நான் சொல்லும் முதல் ஸ்தோத்திரம், விடாமல் கேட்கக்கூடிய ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்காகத்தான்.